ஊசி முனையில் சினிமா

ஒரு வெள்ளைப் பலகை. அதில் லட்சக்கணக்கில் பொடித் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஓர் ஊசி, முன்னும் பின்னும் நகரும்படி செருகியிருக்கும். விளக்கு நேர் எதிரே இல்லை. பக்கவாட்டில், சாய்வாக எரிகிறது. ஊசி நன்றாக வெளியே நீட்டியிருந்தால் அதன் நிழல் நீளமாக விழும். அக்கம்பக்கத்து ஊசிகளின் நிழலும் சேர்ந்துகொண்டால் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். பலகையோடு பலகையாக அழுத்திவிட்டால் நிழலே கிடையாது, வெள்ளை. பாதி நீட்டினால் சாம்பல் நிறம். கால்வாசி நீட்டினால் அதைவிட வெளிர். மையோ பெயின்டோ ஒரு சொட்டுக்கூட வேண்டாம். நிழலை வைத்தே படம்.

அந்தப் படத்தை கேமராவில் ஒரு பிரேம் எடுத்துவிட்டு, ஊசிகளை இம்மி நகர்த்தி அடுத்த பிரேம். ஒரு விநாடி சினிமாவுக்கு 24 பிரேம். முந்தின படம் அழிந்தால்தான் அடுத்தது பிறக்கும். நடுவில் ஏதாவது கோணலாகிவிட்டால் பழையதை எடுத்து வைத்துச் சரிபார்க்க முடியாது. பழையது என்று ஒன்று எங்கேயும் இல்லை, பிலிம் சுருளைத் தவிர.

இதைச் செய்தவர்கள் இருவர். பாரீசில் வாழ்ந்த அலெக்சாந்தர் அலெக்சேயெஃப், அவருடைய துணைவி கிளேர் பார்க்கர். அலெக்சேயெஃப் ரஷ்யாவின் கசான் நகரில் 1901இல் பிறந்து, புரட்சிக்குப் பின் பாரீஸ் வந்து, புத்தகங்களுக்குச் செதுக்கோவியம் போட்டுப் பிழைத்தவர். அந்த அம்மாள் பாஸ்டன்காரர், அமெரிக்கர். ஓவியம் படிக்க பாரீஸ் வந்த இடத்தில் அலெக்சேயெஃபின் புத்தகப் படங்களைப் பார்த்து அசந்துபோய், அவரைத் தேடிப் போய்ப் பாடம் கேட்டார். அதன் பிறகு சுமார் ஐம்பது ஆண்டுகள் அந்தப் பலகையின் இரண்டு பக்கமும் இவர்கள்தான். முன்பக்கம் அலெக்சேயெஃப், பின்பக்கம் பார்க்கர். முன்னால் இருப்பவர் ஊசியை உள்ளே தள்ளினால் வெள்ளை வரும். கறுப்பு வேண்டுமென்றால் பின்னால் இருப்பவர்தான் தள்ளித் தர வேண்டும். பின்பக்கம் உட்கார்ந்தவருக்குத் தெரிவதெல்லாம் நெகடிவ். அரை நூற்றாண்டு நெகடிவைப் பார்த்தே வேலை செய்த அந்த அம்மாளின் பெயரை சினிமாப் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் போடுகின்றன. காப்புரிமைப் பத்திரத்தில் மட்டும் அவர் பெயர்தான் இருக்கிறது.

நான் அச்சுக்கூடத்தில் பிளாக் செய்த ஆள். ஆஃப்செட் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பும்வரை ஜிங்க் தகடும் ஆசிட் தொட்டியும்தான் என் உலகம். போட்டோவை அப்படியே அச்சில் ஏற்ற முடியாது. கண்ணாடி ஸ்கிரீனை நடுவில் வைத்துப் புள்ளி புள்ளியாக உடைக்க வேண்டும். செய்தித்தாளுக்கு 65 ஸ்கிரீன், ஆர்ட் பேப்பர் என்றால் 133. தலைவர் முகமோ நடிகை முகமோ, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகம் இருக்காது. பெரிய புள்ளி, சின்ன புள்ளி, அவ்வளவுதான். சாம்பல் நிறம் என்பது கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து கண்ணை ஏமாற்றுவது என்று தினமும் பார்த்தவனுக்கு இந்த ஊசிப் பலகையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் புள்ளி தகட்டில் ஒருதரம் விழுந்தால் விழுந்ததுதான். அவர்கள் புள்ளி நகரும். அந்த ஒன்றுக்காக எனக்கு அவர்கள்மேல் இன்றுவரை பொறாமை.

பிரெஞ்சுக் குறும்படம் என்றாலே நம் ஆட்கள் ஒரு மாதிரி பம்முவார்கள். 'அறிவுஜீவிகள் பார்க்கிற சமாச்சாரம், நமக்கு எதற்கு' என்பார்கள். எனக்கும் சினிமாத் தத்துவம் தெரியாது. அர்த்தம் என்ன என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பல படங்களில் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். நான் கேட்பது வேறு இரண்டு கேள்வி. இதைக் கையால் எப்படிச் செய்தார்கள்? இதற்கு யார் காசு கொடுத்தார்கள்? 1940 முதல் 60கள் வரையிலான படங்களை இந்த இரண்டு கேள்வியோடு பார்த்தால், புரியாத படம் என்று ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். கார்ட்டூன் கம்பெனிகளில் அப்போது நடந்தது தொழிற்சாலை வேலை. ஒருவர் கோடு போட, ஒருவர் பிரதி எடுக்க, ஒருவர் வண்ணம் நிரப்ப என்று ஏகப்பட்ட பேர் வேண்டும். கிடைப்பதோ கோடும் தட்டையான வண்ணமும். செதுக்கோவியத்தில் வருகிற புகை போன்ற நிழல், மூடுபனி, மெழுகுவத்தி வெளிச்சம் எதுவும் அதில் வராது. அலெக்சேயெஃபுக்கு அந்த நிழல் வேண்டும். ஆட்களை வைத்து வேலை வாங்கவும் மனமில்லை. அதற்காகக் கண்டுபிடித்ததுதான் ஊசிப் பலகை. ஊசிகளை ஒவ்வொன்றாக நகர்த்துவார்களோ என்று பயப்பட வேண்டாம், ஆயுசு போதாது. சின்னச் சின்ன உருளைகள், மின்சார பல்பு, வீட்டில் கையில் அகப்பட்ட சாமான்கள் என்று எதையாவது எடுத்துக் கூட்டமாக அழுத்துவார்கள். பல்பை அழுத்தினால் உருண்டையான பள்ளம் விழும். அது ஒரு கன்னத்தின் வெளிச்சமாக மாறும். இந்த வித்தையை அவர்களே செய்து காட்டுவதை, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் 1973இல் ஒரு படமாக எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு அவர்களின் கதைப் படங்களைவிட அது பிடிக்கும்.

ஊசிப் பலகையில் செய்த முதல் படம் 1933இல் வந்தது. ருஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் இசைக்குப் பேய்களும் குதிரைகளும் பறக்கிற 'மொட்டை மலையில் ஓர் இரவு'. எட்டு நிமிடப் படத்துக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலை. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். தியேட்டர்காரர்கள் சீந்தவில்லை. எட்டு நிமிடப் படத்தை வாங்கி என்ன செய்ய?

இங்கேதான் இரண்டாவது கேள்வி. வயிற்றுக்காக இவர்கள் விளம்பரப் படம் எடுத்தார்கள், பல ஆண்டுகள் எடுத்தார்கள். ஒயின் கம்பெனி, சிகரெட் கம்பெனி, எண்ணெய் கம்பெனி. போருக்குப் பிறகு அந்த விளம்பரங்களில் இன்னொரு விசித்திரமும் செய்தார்கள். ஒரு சின்னப் பொருளை ஊசல்களோடு பூட்டி ஆடவிட்டு, கேமராவின் கண்ணை நீண்ட நேரம் திறந்தே வைப்பது. ஆடின பொருள் தெரியாது. அது ஆடிய தடம் முழுக்க ஒரே பிரேமில் பதிந்து, கண்ணாடியில் வார்த்த உருவம்போல் தெரியும். அடுத்த பிரேமுக்கு ஊசலின் ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றினால் உருவமும் கொஞ்சம் மாறும். உலகில் எங்குமே இல்லாத ஒரு பொருள் திரையில் சுழலும். 1951இல் வந்த 'புகை' என்ற படம் இப்படித்தான். பெல்ஜியத்து சிகரெட் விளம்பரம் அது. சிகரெட் விற்றதா என்று தெரியாது. படம் இன்னும் நிற்கிறது.

ஊசிப் பலகைக்கு அவர்கள் திரும்பி வந்தபோது எடுத்த 'மூக்கு' 1963இல் வெளியானது. ருஷ்ய எழுத்தாளர் கோகோலின் கதை. சவரத் தொழிலாளி காலையில் ரொட்டியை அறுக்கிறான், உள்ளே ஒரு மூக்கு. அதே காலையில் ஓர் அதிகாரி எழுந்து கண்ணாடி பார்க்கிறார், மூக்கு இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது. படத்தில் பேச்சே இல்லை. விடிகிற நேரத்தைப் பாருங்கள்: அறை இருட்டாக இருக்கிறது, ஜன்னல் வெளுக்கிறது, வெளிச்சம் சுவரில் ஊர்ந்து வருகிறது. அந்த வெளிச்சத்தின் ஒவ்வொரு அங்குலமும் யாரோ அழுத்திவிட்ட ஊசிகள். அதற்கு முந்தின ஆண்டு ஆர்சன் வெல்ஸ், காஃப்காவின் 'விசாரணை'யைப் படமாக்கியபோது தொடக்கத்தில் வருகிற வாசற்காவலன் கதைக்கு இவர்களிடம்தான் ஊசிப் பலகைப் படங்கள் வாங்கினார். அவை அசையாது. வெல்ஸின் குரல் மட்டும் ஓடும். அது போதும்.

காசு விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரான்சில் இத்தனை குறும்படம் முளைத்ததற்கு மேதைமை மட்டும் காரணம் இல்லை. 1940இல், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, அவர்களோடு ஒத்துழைத்த விஷி அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒரே காட்சியில் இரண்டு முழுநீளப் படம் போடக் கூடாது. ஒரு பெரிய படம், அதோடு ஒரு குறும்படம். வசூலில் குறும்படத்துக்கு ஒரு சிறு பங்கு உண்டு. அந்த அரசாங்கத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் போர் முடிந்த பிறகும் இந்த ஏற்பாடு மட்டும் தங்கிவிட்டது. முழுநீளப் படம் எடுக்க வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்கள் இந்த நிழலில் ஒதுங்கித் தொழில் கற்றார்கள். 1953இல் அரசு இதில் கை வைத்தது; கட்டாயம் ஒழிந்தது. அந்த டிசம்பரில் அலன் ரெனே, ஜோர்ஜ் ஃபிரான்ஜு உள்ளிட்ட குறும்படக்காரர்கள் 'முப்பதின்மர் குழு' என்ற பெயரில் கூட்டாக அறிக்கை விட்டுச் சண்டைக்குக் கிளம்பினார்கள். கடைசியில், எல்லாப் படத்துக்கும் தானாகக் கிடைத்து வந்த பங்குக்குப் பதில், நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து மானியம் தருகிற முறை வந்தது.

கம்பெனிக்காரர்களும் காசு கொடுத்தார்கள். பெஷினே என்ற தொழில் நிறுவனம் பிளாஸ்டிக் எப்படித் தயாராகிறது என்று ஒரு படம் கேட்டது. 1958இல் ரெனே எடுத்துக் கொடுத்தது 'ஸ்டைரின் பாட்டு'. சாதாரண ஆள் எண்ணெய்க் கிணற்றில் தொடங்கிக் கிண்ணத்தில் முடிப்பான். ரெனே பிளாஸ்டிக் கிண்ணத்தில் தொடங்கி, அச்சு, குழாய், கொதிகலன் என்று பின்னோக்கி நடந்து நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் போய்ச் சேர்கிறார். பின்னணியில் வருகிற விளக்கவுரையோ செய்யுள்! எழுத்தாளர் ரேமோன் கெனோ, பிரெஞ்சுப் பழம்புலவர்கள் காவியத்துக்கும் நாடகத்துக்கும் வைத்திருந்த பன்னிரண்டு அசை யாப்பில் பாலிஸ்டைரினைப் பாடிவிட்டார். நம்மூரில் யாரோ சிமென்ட் ஆலையைப் பற்றி விருத்தம் பாடி, அதை ஆலைக்காரரே காசு கொடுத்து வாங்கின மாதிரி.

கடல் தாண்டி கனடாவிலும் பிரெஞ்சு உண்டு. போர்க்காலத்தில் அங்கே தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்த மெக்லாரன் ஸ்காட்லாந்துக்காரர். ஆனால் க்யூபெக் மக்களின் பிரெஞ்சு நாட்டுப்பாடல்களுக்குப் படம் போட ஒரு வரிசையே தொடங்கினார். போருக்குத் தப்பி அமெரிக்கா போயிருந்த அலெக்சேயெஃபும் பார்க்கரும் அந்த வரிசைக்கு 1943இல் ஊசிப் பலகையில் இரண்டு நிமிடப் படம் ஒன்று செய்து கொடுத்தார்கள். மெக்லாரனே 1947இல் செய்த 'சாம்பல் கோழி' ஒரு தாலாட்டுப் பாட்டு. வண்ணச் சுண்ணக்கட்டியால் ஒரே ஓவியம். அதையே தேய்த்து, மேலே வரைந்து, மறுபடி தேய்த்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேமராவைத் தட்டி எடுத்தது. முட்டை நிலவாகிறது, நிலவு கோழியாகிறது. சுண்ணப் பொடி பறப்பதுகூடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும்.

எட்டு ஆண்டு கழித்து, இன்னொரு படத்துக்காக அதே ஆள் கேமராவையே ஒதுக்கி வைத்தார். கறுப்புப் பிலிமை எடுத்துக்கொண்டு, பேனாக்கத்தியாலும் ஊசியாலும் அதன் மேல் படிவைச் சுரண்டி நேரடியாகப் படம் கீறினார். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கையால் வேலை செய்தவர்களுக்கு உடனே விளங்கும். கறுப்புப் பிலிமில் எது எந்தப் பிரேம், முந்தின கோடு எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பிரேமில் கீறின பறவை ஒரே இடத்தில் நிற்காது, குதிக்கும். மெக்லாரன் அந்தக் குதிப்பை ஒழிக்கப் பாடுபடவில்லை. பெரும்பாலான பிரேம்களைக் கறுப்பாகவே விட்டுவிட்டு, ஆங்காங்கே ஒன்றிரண்டை மட்டும் கீறினார். மின்னல் மாதிரி ஒரு சிறகு, பிறகு இருட்டு, பிறகு ஓர் அலகு. இடையில் உள்ளதை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. ஒலித்தடத்திலும் கத்தியால் கீறி டொக் டொக்கென்று சத்தம் உண்டாக்கினார். மீதி இசை க்யூபெக்கின் மோரிஸ் பிளாக்பர்ன். 'பிளிங்கிட்டி பிளாங்க்' என்ற அந்த ஐந்து நிமிடப் படம் 1955இல் கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை வாங்கியது. இந்த மெக்லாரன் 1952–53இல் யுனெஸ்கோ சார்பில் இந்தியாவில் வந்து வேலை செய்தவர். பிறகு க்யூபெக் இளைஞர் கிளோத் ஜுத்ராவோடு சேர்ந்து, உட்கார விடாமல் அடம்பிடிக்கிற ஒரு நாற்காலியைப் பற்றி 1957இல் படம் எடுத்தபோது அதற்கு இசை ரவிசங்கர். நாற்காலிக்குக் கோபம் வந்தால் சித்தாரும் தபலாவும் சண்டை பிடிக்கும்.

ரெனே லாலூவையும் சொல்லாமல் விடக் கூடாது. பிரான்சில் லா போர்த் என்ற மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு ஓவியம், நிழற்கூத்து என்று வேலை பார்த்தவர். அங்கிருந்தவர்களே கூடிக் கதை கட்டி, அவர்களே படம் வரைந்து 1960இல் வந்தது 'குரங்கின் பற்கள்'. ஏழையின் பல்லைப் பிடுங்கிப் பணக்காரருக்கு விற்கிற பல் டாக்டர், நியாயம் கேட்க வருகிற குரங்கு மந்திரவாதி. வரைந்த கைகள் பழகின கைகள் இல்லை. முகங்கள் கோணல், வீடுகள் சாய்வு. அந்த டாக்டர்மேல் அவர்களுக்கு இருக்கிற கோபம் மட்டும் துளிக்கூடக் கோணவில்லை.

கடைசியாக, அசையாத படங்களால் ஒரு சினிமா. கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே', 1962, 28 நிமிடம். மூன்றாம் உலகப் போரில் பாரீஸ் அழிந்துவிட்டது. மிச்ச மனிதர்கள் சுரங்கத்தில் இருக்கிறார்கள். ஒரு கைதியின் மனதில் சிறுவயதில் பார்த்த ஒரு காட்சி அழியாமல் நிற்கிறது: ஓர்லி விமான நிலையத்தின் மேல்தளம், ஒரு பெண் முகம், யாரோ ஒருவன் சாவது. அந்த நினைவைப் பிடித்துக்கொண்டு அவனைப் பழைய காலத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவைச் சொன்னால் பாவம்.

இது முழுக்கப் போட்டோக்கள். ஸ்டில் கேமராவில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்களை வரிசையாக வைத்து, ஒருவர் கதை சொல்கிறார். என் தங்கை மகளுக்குப் போட்டுக் காட்டியபோது ஐந்தாவது நிமிடம் கேட்டாள், "மாமா, படம் ஹேங் ஆயிடுச்சு போலிருக்கே?" "இல்லடி, இப்படித்தான். பேசாம பாரு" என்றேன். பாதிக்கு மேல் ஓர் இடம் வருகிறது. அந்தப் பெண் படுக்கையில் தூங்குகிறாள். ஒரு படம் மெதுவாகக் கரைந்து அடுத்ததில் சேர்கிறது. தலை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இன்னொன்று. கரைவது வேகமெடுக்கிறது. பறவைச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. சட்டென்று அவள் கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்துச் சிமிட்டுகிறாள். ஒரு சில விநாடிதான். படம் முழுவதிலும் நிஜமாக அசைகிற இடம் அது ஒன்றே. அதை மட்டும் இரவல் வாங்கின சினிமா கேமராவில் எடுத்தார் மார்க்கர். தங்கை மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப அசைஞ்சுதுல்ல? திருப்பிப் போடுங்க" என்றாள். ஆயிரம் பிளாக் போட்டவன் நான். அசையாத முகத்தைப் பார்த்தே காலம் போய்விட்டது. அந்த இடத்தில் எனக்கும் ஒவ்வொரு முறையும் திருப்பிப் போடத்தான் தோன்றுகிறது. இந்தக் கதையைத்தான் 1995இல் ஹாலிவுட் 'பன்னிரண்டு குரங்குகள்' என்று கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்தது. நன்றாகவே இருக்கிறது. ஆனால் எல்லாம் அசைகிற படத்தில் ஒரு கண் சிமிட்டல் யார் கவனத்துக்கும் வராது.

பார்க்க நினைப்பவர்களுக்கு: கனடா வாரியம் தன் படங்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் நாற்காலிப் படம், குழந்தைகளும் சிரிக்கும். அடுத்து 'பிளிங்கிட்டி பிளாங்க்'. ஊசிப் பலகையில் மனம் தைத்துவிட்டால் அதே வாரியத்தில் ழாக் துரூவான் 1976இல் செய்த 'நிலக்காட்சி ஓவியன்' இருக்கிறது. அலெக்சேயெஃப்–பார்க்கரிடம் வாரியம் வாங்கிய, 2,40,000 ஊசிகள் கொண்ட பலகையில் அவர் ஒருவராகவே உட்கார்ந்து செய்தது. 'லா ஜெத்தே'யை மட்டும் செல்போனில் பார்க்காதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். 28 நிமிடம்தானே, வாட்ஸ்ஆப் அதுவரை காத்திருக்கும்.